பால்காரர் கரியமாணிக்கத்தின் தாடை

கரியமாணிக்கத்தின் வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. தூக்கத்தில்கூட மாட்டுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருப்பார் என்பாள் பஞ்சவர்ணம். கட்டின பெண்டாட்டி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். விடிகாலையில் சைக்கிளின் இரண்டு பக்கமும் பால் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு சைகோனின் ஃபூ நுவான் சந்துகளில் அவர் நுழைந்தால் மணி அடிக்க வேண்டியதே இல்லை. முதலில் பேச்சு வரும், அப்புறம்தான் சைக்கிள் வரும். வியட்நாம்காரர்களிடம் அவர்கள் பாஷை, மிச்சமிருந்த மதாம்களிடம் பிரெஞ்சு, பாண்டிச்சேரிக்காரர்களிடம் காரைக்கால் தமிழ், தெருநாய்களிடம் மூன்றும். சந்துக்காரர்கள் அவரை ‘ஆன் பாய்’ என்று கூப்பிடுவார்கள். ஏழாவது அண்ணன் என்று அர்த்தம். அந்த ஊரில் இந்தியன் எவனாக இருந்தாலும் ஏழாவது அண்ணன்தான். மற்ற ஆறு பேர் யார் என்று அவர் எல்லாரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டார், ஒருத்தருக்கும் தெரியவில்லை.

துறைமுகத்தில் காவலாள் வேலை வாங்கித் தருகிறேன் என்று தாய்மாமன்தான் அவரைக் காரைக்காலிலிருந்து கப்பலேற்றிக் கூட்டிவந்தார். வேலை கிடைத்தது. ஆனால் அது யாரோடும் பேசக் கூடாத வேலை. கரியமாணிக்கத்துக்கு அது எப்படிச் சரிப்படும்? கொஞ்ச நாளிலேயே உதறிவிட்டு ஒரு கறவைப் பசுவைப் பிடித்தார். ஒன்று நாலாயிற்று. ஊருக்குப் போய்ப் பஞ்சவர்ணத்தைக் கட்டிக்கொண்டு திரும்பினார். பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போனபோது, காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்தபோது, தெரிந்தவர்களெல்லாம் பாரீசுக்கோ ஊருக்கோ கிளம்பினார்கள். நீ எப்போ என்று கேட்டவர்களிடமெல்லாம், பசுவை யாரப்பா கப்பலில் ஏற்றுவது என்று கேட்டுச் சிரித்தார். பிள்ளை குட்டி இல்லாத வீடு. நாலு மாடும் ஒரு கன்றும்தான் குடும்பம். அப்படியே இருந்துவிட்டார்கள்.

பஞ்சவர்ணம் அவருக்கு நேர் எதிர். அவளிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற கதைதான். அவள் பேச்செல்லாம் கையில் இருந்தது. கோபம் வந்தால் அவர் காதைப் பிடித்துத் திருகுவாள். மனசு இளகினால் அதே காதுக்குப் பின்னால் எண்ணெய் வைத்துத் தேய்ப்பாள். சாயந்திரம் பால் ஊற்றிவிட்டு வந்து காலை நீட்டினார் என்றால் அவள் கை தானாக அந்தப் பாதத்துக்குப் போய்விடும். அவர் பேசிக்கொண்டே இருப்பார், அவள் அமுக்கிக்கொண்டே இருப்பாள். அவர்கள் குடித்தனம் அப்படித்தான் நடந்தது, நன்றாகவே நடந்தது.

அந்தப் பாழாய்ப்போன ஆணி தொழுவத்துப் பலகையில் இருந்தது. அமெரிக்காக்காரன் குண்டு அடைத்துக் கொண்டுவந்த பெட்டிகளைப் பிரித்துப் பலகையாக விற்பார்கள், ஊரில் பாதிக் கூரையும் கதவும் அந்தப் பலகைதான். கரியமாணிக்கமும் அதை வாங்கித் தொழுவத்துக்குத் தளம் போட்டார். பிடுங்காமல் விட்ட ஆணி ஒன்று சாணிக்குள் கிடந்து அவர் குதிகாலில் ஏறியது. பஞ்சவர்ணம் மஞ்சளைச் சுட்டு, சாணிச் சாம்பலைக் குழைத்து அப்பினாள். ஊரில் எல்லாரும் செய்கிறதுதான். பத்துப் பன்னிரண்டு நாளில் புண் ஆறிவிட்டது, ஆணியை இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள்.

டெட் பண்டிகை வந்தது. வியட்நாம்காரர்களுக்கு அதுதான் தீபாவளியும் பொங்கலும். குரங்கு வருஷம் பிறக்கிறது என்று சந்து முழுக்க வெடி வெடித்த சிவப்புக் காகிதம் சிதறிக்கிடந்தது. பக்கத்து வீட்டில் வாழையிலையில் சுற்றி அவித்த பசையரிசிக் கட்டியைக் கொடுத்தனுப்பினார்கள். கரியமாணிக்கம் அதை வாய்க்குக் கொண்டுபோனார். வாய் விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. பல் பிடித்துக்கொண்டது என்று பல்லுக்கு இடையிலேயே சொன்னார். பஞ்சவர்ணத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்றைக்காவது வீடு அமைதியாக இருக்கட்டும் என்றாள். பாவி மகள், வருஷத்துக்கு ஒரு தடவை வாயைத் திறந்து கேலி பண்ணினாள், அது போயும் போயும் அன்றைக்குத்தானா வர வேண்டும்! உப்பை வறுத்துத் துணியில் கட்டித் தாடைக்கு ஒத்தடம் கொடுத்தாள். கிராம்பு எண்ணெய் தடவி இரண்டு கையாலும் அழுத்தித் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க இறுகியது.

மறுநாள் விடிவதற்குள் ஊர் பற்றிக்கொண்டது. வெடி என்று நினைத்தது வெடி இல்லை, கம்யூனிஸ்டுகள் ஊருக்குள் புகுந்துவிட்டார்கள். டான் சோன் நாட் விமானத்தளத்துப் பக்கம் வானம் புகைந்தது, ஹெலிகாப்டர்கள் கூரையை உரசிக்கொண்டு போயின. யாரும் வெளியே தலைகாட்டக் கூடாது என்று ஒலிபெருக்கி கத்திக்கொண்டு போனது. அந்தக் களேபரத்தில்தான் கரியமாணிக்கத்துக்கு முதல் இழுப்பு வந்தது. சந்து முனையில் மெஷின் கன் சடசடத்தது, அவர் உடம்பு வில்லாக வளைந்தது. தலையும் குதிகாலும்தான் பாயில் பட்டன. தாடை இறுகி, உதடு இழுபட்டு, சிரிக்கிறாரோ என்று சந்தேகப்படும்படி முகம் மாறிவிட்டது. அறிவு மட்டும் தெளிவாக இருந்தது, கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

வலிப்பு வந்தவன் கையில் இரும்பைக் கொடு என்பது நமக்கெல்லாம் தாய்ப்பாலோடு ஊட்டின பாடம். நடுத்தெருவில் ஒருவன் விழுந்தால் நாலு பேர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்து நாலு வரும். பஞ்சவர்ணமும் தொழுவத்துப் பூட்டுச் சாவியை உருவி அவர் உள்ளங்கையில் திணித்தாள். விரல்களை மடக்கி மேலே தன் கையை வைத்து அழுத்தினாள். அவர் இன்னும் வளைந்தார். உள்ளங்காலைச் சூடு பறக்கத் தேய்த்தாள். இன்னும் வளைந்தார். பல்லுக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. முருகா, முருகா என்று அவள் விடாமல் தேய்த்தாள். கை ஓய்ந்துபோய்த் தண்ணீர் எடுக்க எழுந்துபோன பிறகுதான் அவர் உடம்பு மெல்லத் தளர்ந்தது. இரும்பு வேலை செய்துவிட்டது என்று அவள் சாமியைக் கும்பிட்டாள்.

மூன்றாம் வீட்டில் மார்கரித் இருந்தாள். பாண்டிச்சேரிக்காரி, பிரெஞ்சு சிப்பாயாக இருந்து செத்தவனின் விதவை. வேலியைத் தாண்டி வந்து எட்டிப் பார்த்தவள் சிலுவை போட்டுக்கொண்டு பின்பக்கமாகவே ஓடி, பண்டிகைக்குப் பின்சந்தில் தன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு டாக்டரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். லாம் என்று பேர், இளவயசு, வீட்டுச் செருப்போடு வந்தார். ஒரு ஸ்பூன் கேட்டார். கரியமாணிக்கத்துக்கு ஓரப்பல் ஒன்று எப்போதோ விழுந்துபோயிருந்தது. அந்த இடுக்கில் ஸ்பூன் காம்பை விட்டுத் தொண்டையின் பின்பக்கத்தை மெல்லத் தொட்டார். யாராக இருந்தாலும் ஓங்கரித்து வாயைப் பிளக்க வேண்டும். கரியமாணிக்கத்தின் தாடை ஸ்பூனைக் கவ்விக்கொண்டது. டாக்டர் இழுக்கவில்லை. கையை எடுத்துவிட்டு, அது தானாக விடும் வரை பேசாமல் காத்திருந்தார். பிறகு மார்கரித்திடம் பிரெஞ்சில் நிதானமாகச் சொன்னார்.

மார்கரித் பஞ்சவர்ணத்தை வாசலுக்குக் கூட்டிவந்து உட்காரவைத்தாள்.

“சோத்துல கல்லு கடிபட்டா நம்ம வாய் தானா தொறந்துக்குதில்ல பஞ்சவர்ணம்? நாம நெனைக்கிறதுக்கு முந்தியே தொறந்துக்குது. அண்ணனுக்கு அது தலைகீழா ஆயிடுச்சாம். வலிச்சாலும் மூடுது, தொட்டாலும் மூடுது. ஆணி குத்தின வெஷம். மூச்சுக்குழாயையும் அப்படியே புடிச்சுக்கிட்டா போச்சுன்றாரு.”

“நான் தேச்சு விட்டேனே” என்றாள் பஞ்சவர்ணம்.

“தேய்க்கவே கூடாது. சத்தம் கூடாது, வெளிச்சம் கூடாது. ஆசையா தொட்டாலும் இழுக்குமாம், தொடாத.”

பஞ்சவர்ணம் தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். ஒத்தடம் கொடுத்த கை, சாவியைத் திணித்த கை. புருஷனை வதைத்தது நோய் பாதி, தான் பாதி என்று அவளுக்கு அங்கேயே புரிந்துவிட்டது. அழுதால் சத்தம் கேட்கும் என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

இந்த நோய்க்கென்று ஊசிமருந்தும் தனி வார்டும் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தன. நடுவே சைகோன் ஊரே இருந்தது. தெருவுக்குத் தெரு முள்கம்பி, பாலத்துக்குப் பாலம் சிப்பாய். டாக்டர் கையில் இருந்த தூக்க ஊசி ஒன்றைப் போட்டார். வழி விட்டதும் வண்டியோடு வருகிறேன், அதுவரை தொடாமல் காப்பாற்று என்று சொல்லிவிட்டு, வெள்ளைத் துணியை உயரப் பிடித்துக்கொண்டு நடந்தே போனார்.

காப்பாற்றுவது என்றால் ஓடி ஆடி எதையாவது செய்வது என்றுதான் பஞ்சவர்ணத்துக்குத் தெரியும். ஒன்றும் செய்யாமல் காப்பாற்றுவது எப்படி? முதலில் ஜன்னல்களில் சாக்கைத் தொங்கவிட்டாள். மாடுகளின் கழுத்து மணிகளை அவிழ்த்தாள். பால் கட்டினால் மாடு கதறும், அதனால் வேளை தவறாமல் கறந்தாள். வாங்க ஆளில்லாத பாலைச் சாக்கடையில் ஊற்றினாள். அப்புறம் தன் மேலேயே சத்தம் இருப்பது அவளுக்கு உறைத்தது. நடந்தால் மெட்டி தரையில் தட்டுகிறது, கையை அசைத்தால் வளையல் குலுங்குகிறது. மெட்டியைக் கழற்றினாள். கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாக எண்ணெய் போட்டு உருவினாள். புருஷன் உயிரோடு இருக்கும்போது எந்தப் பெண்ணும் செய்யத் துணியாத காரியம் அது. மார்கரித்தே பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஞ்சவர்ணம் மொட்டைக் கையோடு போய் அவர் பக்கத்தில், கை எட்டாத தூரத்தில் உட்கார்ந்தாள்.

அவர் நெற்றியில் ஈ உட்கார்ந்தது. ஓட்டப் போன கையை மடியில் போட்டு அமுக்கிக்கொண்டாள். அந்த ஈயே போதும், அவர் தாடை நறநறத்தது. தாகத்தில் உதடு வெடித்தது. பல் இடுக்கு வழியாகத் துளித் துளியாக விடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பஞ்சுத் திரியைப் பாலில் நனைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, அந்த இடுக்குக்கு நேராகப் பிடித்தாள். ஒரு சொட்டு இறங்கியது. இரண்டாவது சொட்டு உதட்டில் விழுந்துவிட்டது. தாடை பூட்டிக்கொண்டது, உடம்பு வளைந்தது, நாக்கு ஓரம் கடிபட்டு வாயோரம் ரத்தம் வந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பால் ஊற்றின மனுஷனுக்கு ஒரு வாய்ப் பால் ஊற்ற முடியவில்லையே என்று அவள் நெஞ்சு எரிந்தது. இதைவிட ஒரு குண்டு வீட்டின் மேலேயே விழுந்து தொலைத்தால் என்ன என்றுகூட நினைத்தாள். நினைத்ததற்காக உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள், அதையும் சத்தமில்லாமல்.

குண்டு விழத்தான் விழுந்தது, அடுத்த அடுத்த தெருக்களில். ஒவ்வொன்றுக்கும் அவர் வளைந்தார். ஒவ்வொரு தடவையும் அவள் எழுந்து நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவர் இறங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். தாலி கட்டினவன் கண்ணெதிரே துடிக்கிறான், தொடாதே! ஆண்டவன் அவளுக்கு எழுதின எழுத்து அது. இறங்கினதும் அவர் கண் அவளைத் தேடும். தன் கையைத் தேடுகிறார் என்று அவளுக்குத் தெரியும். அவருக்குக் கேட்கும்படி பேசலாம் என்றால் பேசத்தான் அவளுக்குத் தெரியாதே. மெதுவான குரலில் மாடுகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். சிவப்பி இன்றைக்கு வைக்கோல் தின்றது, கன்று நன்றாக இருக்கிறது, பக்கத்து வீட்டில் ஓடு பறந்துவிட்டது என்று நாள் முழுக்கச் சொன்னாள். அவ்வளவு பேச்சு தன்னிடம் இருந்தது அவளுக்கே தெரியாது. அவர் கண்ணோரம் நீர் வழிந்தது. அதையும் துடைக்க முடியவில்லை.

சண்டை மெல்லச் சீனர்கள் குடியிருக்கிற சோலோன் பக்கம் நகர்ந்தது. பகலில் சில மணி நேரம் தெருவில் நடக்கலாம் என்று தளர்த்தினார்கள். டாக்டர் லாம் ஒரு சிப்பாயிடம் சொல்லி அனுப்பினார்: மருந்து கிடைத்துவிட்டது, நாளைக் காலையில் வண்டி வரும். பஞ்சவர்ணம் அந்தச் சிப்பாயின் காலில் விழப் போனாள், அவன் பயந்து விலகிக்கொண்டான். ஒரு ராத்திரி, அதைத் தாண்டிவிட்டால் போதும். உள்ளே வந்து அவரிடம் சொன்னாள். அவர் இமையை மூடித் திறந்தார், கேட்டுவிட்டது என்று அர்த்தம்.

அன்று மத்தியானம் மாடு கறக்கப் போகும்போது வழக்கம்போல மார்கரித்தை வாசலில் காவல் வைத்தாள். பல நாளாக வராத தண்ணீர் அன்று பார்த்துத் தெருக்குழாயில் வந்துவிட்டது. மார்கரித் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, இரண்டு வீட்டிலும் குடிக்கத் தண்ணீர் இல்லை.

அந்த நேரத்தில்தான் ராக்கம்மை வந்தாள். அவள் புருஷன் மெய்யப்பன் பெரிய சந்தைக்குப் பக்கத்தில் செட்டியார்கள் கடையும் இருப்புமாக வைத்திருந்த கிட்டங்கி வீடுகளுக்குக் காவல். அந்தச் செட்டியார்கள் பட்டாளத்துக்குப் பயந்து ஊருக்குக் கப்பலேறியபோது, திரும்பி வருகிறோம், பார்த்துக்கொள் என்று ஆளுக்கொரு சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. பூட்டிக்கிடக்கும் வீடுகளின் இரும்புச் சாவிகள் அத்தனையும் ராக்கம்மை இடுப்பில் தொங்கின. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில் அபிஷேகத்துக்குப் பால் கொண்டுவருகிற கரியமாணிக்கம் அவளுக்குத் தம்பி மாதிரி. தம்பிக்கு முடியவில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கிழவி பிணங்களைத் தாண்டிக்கொண்டு, மாரியம்மன் திருநீற்றை மடியில் கட்டிக்கொண்டு, அவ்வளவு தூரம் நடந்தே வந்துவிட்டாள்.

வாசலில் ஆளில்லை. உள்ளே இருட்டு. கண் பழகினதும், பல்லைக் கிட்டிக்கொண்டு கிடக்கிற தம்பியைப் பார்த்தாள். ஐயோ என்று ஓடிப்போய் நெற்றியில் திருநீற்றைப் பூசினாள். உடம்பு விறைத்து எழும்பியது. வலிப்பு! அவளுக்குத் தெரிந்த வைத்தியம் இடுப்பிலேயே இருந்தது.

தொழுவத்தில் பஞ்சவர்ணத்துக்குக் கேட்டது சாவிகளின் சத்தம். பால் சொம்பு கவிழ்ந்தது. ஓடிவந்து பார்த்தால், ராக்கம்மை தரையில் உட்கார்ந்து, கொத்துச் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து, அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். விடாதே தம்பி, என் அப்பச்சி, இரும்பை விடாதே என்று கெஞ்சுகிறாள். அவர் முகம் கறுத்துக்கொண்டிருந்தது.

“அக்கா, கைய எடுங்க” என்றாள் பஞ்சவர்ணம். குரல் உயரவில்லை.

ராக்கம்மை திரும்பினாள். பஞ்சவர்ணத்தின் மொட்டைக் கை அவள் கண்ணில் பட்டது. அதற்குள்ளே கழற்றிவிட்டாயாடி என்று நெஞ்சில் அறைந்துகொண்டாள். அந்தச் சத்தத்துக்கு இன்னொரு இழுப்பு. பஞ்சவர்ணம் கிழவியைத் தோளோடு பிடித்துத் தூக்கிச் சுவர் ஓரமாக நிறுத்தினாள். தொட்டால் அவருக்கு வலிக்கும் அக்கா, தொடத் தொடத்தான் இழுக்கும் என்று காதோடு சொன்னாள். ராக்கம்மை வாயைப் பொத்திக்கொண்டாள்.

கரியமாணிக்கத்தின் விரல்கள் சாவிக்கொத்தின் மேல் இறுகியிருந்தன. இரும்பு உள்ளங்கையைக் கிழித்து ரத்தம் வடிந்தது. அந்த வலியே அடுத்த இழுப்பைக் கொண்டுவந்தது, அந்த இழுப்பு இன்னும் இறுக்கியது. சாவியை எடுத்துவிட்டால் நிற்கும். எடுக்க வேண்டுமானால் விரலைப் பிரிக்க வேண்டும், பிரிக்க வேண்டுமானால் தொட வேண்டும். பஞ்சவர்ணம் கையை நீட்டினாள். ஒரு விரல் நுனி பட்டதுமே அவர் தொண்டையில் ஏதோ அடைபடுகிற சத்தம் கேட்டது. கையை இழுத்துக்கொண்டாள். மறுபடி நீட்டவில்லை.

அவர் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். கண்ணுக்கு நேரே முகத்தைக் கொண்டுபோனாள். நான் இங்கேதான் இருக்கிறேன், நாளைக்கு வண்டி வந்துவிடும், கொஞ்சம் பொறுங்க, இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் கண் அவள் முகத்தை விட்டு நகரவில்லை. பயம் இருந்தது அந்தக் கண்ணில். கையைப் பிடித்துக்கொள் என்று கேட்டது. கை ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பிடித்தால் அவளாலேயே போய்விடுவார், பிடிக்காவிட்டால் ஒருவேளை தப்பலாம். அந்த ஒருவேளையை நம்பிக்கொண்டு அவள் பிடிக்கவில்லை. அவர் மார்பு மூச்சுக்கு ஏறவில்லை. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். அவர் கண் பார்த்தபடியே நின்றுவிட்டது.

பிறகு ஒவ்வொன்றாக இளகியது. முதுகு பாயில் படிந்தது. விரல்கள் விரிந்தன. அத்தனை நாளாக ஒரு பருக்கைக்கு வழிவிடாத தாடை தானாகத் தொங்கி, வாய் திறந்துகொண்டது.

மார்கரித் தண்ணீர்க் குடத்தோடு வாசலில் நின்றுவிட்டாள். ராக்கம்மை சுவரோடு ஒட்டி நின்றாள். தான் செய்தது இன்னதென்று கிழவிக்கு உறைத்துவிட்டது. கிட்டே வரப் பயந்தாள். தன் கைகளைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

பஞ்சவர்ணம் அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். தாடையை உள்ளங்கையில் தாங்கி மூடினாள். காதுக்குப் பின்னால் விரலால் தேய்த்தாள், உதட்டு ரத்தத்தைத் துடைத்தாள். நிமிர்ந்து ராக்கம்மையைப் பார்த்தாள்.

“வாங்க அக்கா, வந்து உங்க தம்பியத் தொடுங்க. நல்லாத் தொடுங்க. இனிமே அவருக்கு ஒண்ணும் பண்ணாது.”